ஏழாம் கேள்வி

பெம்ப்ரோக்கில் முதல் பனி விழும் வாரம்
படிவமும் வந்துவிடும்.
பழுப்பு உறை, முகவரிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல்.
குகராஜா என்ற பெயரில் ஓர் எழுத்தை
வருஷத்துக்கு ஓர் இடத்தில் தொலைப்பார்கள்.
ஏழாம் கேள்வி மட்டும் மாறாது:
"கடந்த ஆண்டுக்குப் பின் உங்கள் நிலையில் மாற்றம் ஏதும் உண்டா?"

நிலை என்றால் வலது கால்.
முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே முடிகிறது.
ஒருமுறை எழுதினேன்:
இன்னும் முளைக்கவில்லை,
தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.
பதில் வந்தது:
மருத்துவரின் கையொப்பம் இல்லை.

பத்தொன்பது வயதில் பெட்டவாவா முகாம்.
சார்ஜென்ட் என் பெயரோடு இரண்டு தரம் மல்லுக்கட்டி
'குக்' என்று வெட்டிவிட்டார்.
அன்றிலிருந்து முழுப் பிளட்டூனும்
என்னிடம் சோறு கேட்டது.
காலாட்படை என்று அம்மாவுக்குச் சொன்னபோது
அந்தச் சொல்லில் கால்தான் முதலில் போகிறது என்று
நான் யோசிக்கவில்லை.

அம்மா சீருடையை வீட்டுக்குள் விடவில்லை.
ஸ்காபரோவில் பதினோராம் மாடி.
கீழே கராஜில், காருக்குள் குனிந்து
உடுப்பு மாற்றிக்கொண்டுதான் லிஃப்டில் ஏறுவேன்.
பூட்ஸ் சத்தம் கேட்டு
ஓர் இரவு முழுக்க வாழைக்குள் படுத்திருந்தவ.
நாடு எதுவானாலும்
பூட்ஸ் அவவுக்கு ஒன்றுதான்.

கந்தகாருக்கு மேற்கே,
திராட்சைத் தோட்டங்களின் மண்சுவர்கள்.
சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில்
முன்னே போன பெல்லிவோவின் அடித்தடத்திலேயே
அடி வைத்து நடந்தேன்.
அவன் என்னைவிட இருபது கிலோ கனம்.
அவனுக்கு வெடிக்காதது
எனக்கு வெடித்தது.
இதற்கு விளக்கம் உண்டாம். பொறியியலாளர் ஒருவர்
பேப்பரில் கீறிக் காட்டினார்.
பெல்லிவோவுக்கு அது போதவில்லை.
இப்போதும் மங்க்டனிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எடுப்பான்.
ஹாக்கி ஸ்கோர் சொல்வான்.
தெரிந்த ஸ்கோர்தான்.
"அப்படியா" என்பேன்.

ஒட்டாவா ஆஸ்பத்திரிக்கு அம்மா பஸ்ஸில் வந்தா.
சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.
போர்வை தட்டையாய்க் கிடந்த இடத்தை
உள்ளங்கையால் நீவினா,
சுருக்கம் எடுப்பதுபோல.
பிறகு கேட்டது ஒன்றே ஒன்று:
"ஆற்றையும் வீட்டுக் கதவை நீ உதைச்சனியோ?"

நீலப் பூச்சடித்த தகரக் கதவு.
இரண்டாம் உதையில் திறந்தது.
உள்ளே ஒருவரும் இல்லை.
ஒரு தையல் மெஷின்,
ஊசிக்குக் கீழே பாதி தைத்த சட்டைக் கை.
கேத்தில் இன்னும் சூடாக இருந்தது.

"இல்லை" என்றேன்.
எந்தக் காலால் என்று
அவ கேட்கவில்லை.

இப்போது ஹார்ட்வேர் கடையில் சாவி வெட்டுகிறேன்.
முதலாளி எனக்காக வாங்கிய ஸ்டூலில்
பெயின்ட் டப்பாக்கள் உட்கார்ந்திருக்கின்றன.
புதுவீடு வாங்கியவர்கள் வருவார்கள்,
பிரிந்து போனவர்கள் வருவார்கள்,
மாதம் ஒருதரம் தொலைக்கிற பள்ளி ஆசிரியை
வெட்கப்பட்டுக்கொண்டே வருவா.
பித்தளைச் சூடு ஆறுமுன் கையில் கொடுத்து
எல்லோருக்கும் ஒன்றே சொல்வேன்:
பொருந்தாவிட்டால் திருப்பிக் கொண்டு வாருங்கள்,
கதவோடு பலம் காட்ட வேண்டாம்.

இந்த வருஷப் படிவம்
மேசையில் மூன்று நாள் கிடந்தது.
மார்ச்சில் அம்மா போய்விட்டா.
அந்த ஒரு பதிலை மட்டும்
திருத்திச் சொல்ல வேண்டும் என்று
ஒவ்வொரு முறை ஸ்காபரோ போகும்போதும்
நெடுஞ்சாலையில் சொல்லிப் பழகினேன்.
லிஃப்டில் மறந்துபோகும்.
மறந்துபோகும் என்று எழுதுவதும்
சரியில்லை.

ஏழாம் கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள்.
'இல்லை' என்பதில் குறி இட்டேன்.

நாளை எட்டே முக்காலுக்கு மருத்துவர்.
இல்லாத காலைப் பார்த்துக்
கையொப்பம் இடுவார்.
பனி கொட்டுகிறது,
கொஞ்சம் வெள்ளென வெளிக்கிட வேண்டும்.