கிரேடு

ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்
குமிழி பார்க்கிற வேலை எனக்கு.
அருமனைச் சந்தை முக்கில் பன்னிரண்டு வருஷம்.
நான் நாலு என்றால் நாலாம் கிரேடு,
கொண்டுவந்தவன் எந்தச் சாமியைக் கூப்பிட்டாலும்.

அந்தக் கண்ணோடுதான் ஏறினேன்
கொப்பரைக் குடோன் மாடியிலிருந்த கராத்தே பள்ளிக்கு.
மகள் ஒன்பதாம் வகுப்பு. காரணம் கேட்காதீர்கள்.

மாஸ்டர் செல்வின் தாஸ் கோப்பைகளைக் காட்டினார்.
இன்றைக்குத்தான் தூசு தட்டியிருக்கிறார்,
துணித்தடம் தெரிந்தது.
"கருப்புப் பட்டை பதினொண்ணு பேரு, சிஸ்டர்.
அவியளப் பாத்துச் சொல்லுங்க, என்னப் பாக்காண்டாம்."

பார்த்தேன்.
பிபின் ஓடு உடைத்தான், ஒரே வெட்டில் ஏழு.
சில்லைப் பெருக்கியது ஒரு மஞ்சள் பட்டைப் பொடியன்.
வெள்ளறடையிலிருந்து வருகிறவன்
ஜப்பான் மொழியில் எண்ணினான்,
அடிபட்டதும் மலையாளத்தில் அம்மையைக் கூப்பிட்டான்.
அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜெபிஷாவுக்குப் பதினேழு இருக்கும். கருப்பு.
பழுப்புப் பட்டைக்காரன் ஒருத்தன் விலாவில் உதைத்துவிட்டான்.
வலியை மென்று இறக்கிவிட்டு
"எப்பிடிலே வந்த? ஒருக்கா கூட காட்டு" என்றாள்.
காட்டினான். மறுபடியும் பட்டது.
சிரித்தாள்.

ஒன்றாம் கிரேடு என்று வாய்வரை வந்துவிட்டது.

ஆனால் மரம் நல்ல இனமா
வெட்டினவன் கை நல்லதா என்று
ஷீட்டில் எழுதியிருக்காது.
இவள் பிறந்ததே இப்படியென்றால்?
அதுவுமில்லாமல், என் மேசைக்கு வருவது
ஷீட்டாகித் தப்பியது மட்டும்தான்.
சிரட்டையில் மழை விழுந்து ஓடிப்போன பாலை
ஒருநாளும் நான் தரம் பார்த்ததில்லை.

"விட்டுட்டுப் போனவிய எத்தன பேரு?"

மாஸ்டர் ஜன்னல்பக்கம் பார்த்தார்.
"எரநூறு வரும்.
பாதிப்பேரு டெஸ்ட் பீஸு கெட்ட முடியாம.
கொறச்சுப் பேரு..."
கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.
"ஆரம்பத்துல எனக்கு அடி கூடிப்போவும்."
அதற்குப் பிறகு கோப்பை எதையும் காட்டவில்லை.

இந்தப் பதிலை எந்த அடுக்கில் வைப்பது?
கீழே களியல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
திரும்பினால் மகளைக் காணோம்.
ஷூ இரண்டும் வாசலில், ஒன்று கவிழ்ந்து.
கடைசி வரிசையின் கடைசியில்
யூனிபார்மோடு நிற்கிறாள்,
முன்னால் வைக்கவேண்டிய காலைப் பின்னால் வைத்து.
ஜெபிஷா பின்னால் போய்
தன் பாதத்தால் அவள் குதிகாலை
ஒரு விரற்கடை நகர்த்தினாள்.

நான் இன்னும் கிரேடு சொல்லவில்லை.