மூணு வாரம் பாக்கி

காலை ஆறே முக்காலுக்கு வண்ணார்பேட்டைக் கிளையில்
நின்றபடி உறுதிமொழி சொல்கிறோம்.
நிலுவை இல்லாத வட்டம், சிரித்த முகம், துடைத்த ஷூ.
மேலாளர் குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்தால்
குரல் தணிந்துவிடும்.
"வெறுங்கையோட வராதீங்க தம்பி" என்பார்
காதோரம், மிட்டாய் கொடுப்பதுபோல.
கத்தினால் தாங்கிக்கொள்வேன்.

வெள்ளைச் சட்டைக்கு உள்ளே கறுப்பு டி-சர்ட்.
நெஞ்சிலிருக்கும் எழுத்தை யாராலும் வாசிக்க முடியாது,
உடைமுள்ளை வெட்டிக் குவித்த மாதிரி இருக்கும்.
சித்திரை வெயிலுக்கு இது எதுக்கு என்றாள் மதினி,
துவைத்து உதறும்போது.
எதுக்கு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பேட்டை தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள் மெட்டல்.
ஒரே ஆள் இரண்டு காலாலும்
நெஞ்சுக்கூட்டை மிதிக்கிற சத்தம்.
வயல், செங்கல்சூளை, பள்ளிக்கூட வேன்
எல்லாம் அந்த வேகத்தில்தான் கடந்துபோகின்றன.
வண்டி என்னவோ நாற்பதைத் தாண்டாது.

எங்களில் மூன்று பேர்தான்.
பீர்மைதீனுக்கு நாங்குநேரிப் பக்கம் சுங்கச்சாவடி, ராத்திரி ஷிப்ட்.
ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகாத லாரிக்காரர்கள் ஏசுகிற ஏச்சையெல்லாம்
நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்,
பாட்டுக்கு ஆகும் என்று.
கிளாட்வின் ஹைகிரவுண்டில்
ஸ்கேன் மெஷினுக்குள் ஆள் தள்ளுகிறவன்.
அந்த இரைச்சலில் நல்ல தாளம் இருக்கிறதாம்.
பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டே
காலால் தட்டிப் பார்ப்பானாம்.

ஞாயிறு மதியம் கே.டி.சி. நகரில் முட்டை குடோன்.
சுவர் மறைய அட்டைத் தட்டுகள்,
சத்தம் வெளியே போகாமலிருக்க நாங்கள் ஒட்டியதல்ல,
வியாபாரத்துக்கு அடுக்கியது.
அங்கே அடிவயிற்றிலிருந்து உறுமுகிறவன் நான்.
திங்கட்கிழமை தொண்டை கட்டிவிடும்.
கட்டின குரலில் தவணை கேட்டால்
சில வீடுகளில் சுக்குக்காப்பி தருகிறார்கள்.
தவணை தருவதில்லை.

செவ்வாய், முக்கூடல்.
முத்துப்பேச்சி, மூணு வாரம் பாக்கி.
என் வயசுதான் இருக்கும்.
மடியில் சொளகு, சொளகில் இலையும் தூளும்.
"நாளைக்கு" என்றாள்.
"நாளைக்குன்னு போன வாரமே சொன்னிய."
"அது போன வாரத்து நாளைக்கு."
பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை.

"காதுல என்னத்த மாட்டிருக்கிய?"
"பாட்டு."
"குடுங்க, கேப்போம்."
சட்டையில் துடைத்து ஒன்றைக் கொடுத்தேன்.
கை நிற்கவில்லை. கண்ணை மட்டும் சுருக்கினாள்.
"இவன் எத்தன வாரம் பாக்கி?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
கழற்றி எறிவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை.
பாட்டு முடிய பதினோரு பீடி ஆயிற்று,
எண்ணினேன், வேறென்ன செய்ய.
திருப்பித் தரும்போது கேட்டாள்:
"இவன் மூச்சு எங்கன விடுதான்?"

பத்து வருஷமாகக் கேட்கிறேன் இந்தப் பாட்டை.
வரி வரியாகக் கத்தியிருக்கிறேன்.
"தெரியல" என்றேன்.
"கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றாள்,
அடுத்த இலையை எடுத்து.

செல்போனில் 'வீடு பூட்டியிருந்தது' என்று தொட்டேன்.
இந்த வீடு பூட்டியிருப்பது மூன்றாவது முறை.

ஆற்றுப்பாலத்தில் அழைப்பு வந்தது. குற்றாலிங்கம்.
இலக்கு, சதவீதம், மாசக்கடைசி,
மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்ல தம்பி,
எல்லாம் மெதுவாக, மெதுவாக.
காதுக்குள் பீடித்தூள் உறுத்தியது.
நான் வார்த்தையைக் கேட்கவில்லை,
இவர் மூச்சு எங்கே விடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
சதவீதத்துக்கும் மாசக்கடைசிக்கும் நடுவே
ஒன்று இருந்தது. சின்னதாக,
யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டதுபோல.

"லைன்ல இருக்கீங்களா தம்பி?"
"இருக்கேன் சார்."
கீழே தண்ணீர் குறைவு, பாறைதான் அதிகம்.
வண்டியை உதைத்தேன்.
அடுத்தது பாப்பாக்குடி, ஏழு வீடு.