ரப்பர் பூட்ஸ் வாடகைக்கு

ருவென்சோரி மலை வாசலில்
ஜூன் பிறந்துவிட்டது.
'வறண்ட மாதம்' என்று அச்சிட்ட தாளை
நனையாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறாள் கபுகோ.

வந்தவர் கேட்கிறார், மழை வருமா?
அவள் காலளவு கேட்கிறாள்.

நாற்பத்திரண்டில் இடது மட்டும்தான்.
வலது நேற்றுச் சதுப்பிலேயே நின்றுவிட்டது,
ஆள் ஒற்றைக் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு
இறங்கி வந்தார்,
இரண்டுக்கும் காசு கொடுத்தார்.

கையுறை மூன்று ஜோடி:
ஒன்று நனைய, ஒன்று காய, ஒன்று தொலைய.

மேலே பனி இருக்கிறதா இன்னும்?
இருக்கிறது. போன வருஷத்தைவிடக்
கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது,
அரை நாள் சாப்பாடு கூடுதலாக வையுங்கள்

என்று முடிப்பதற்குள்
தகரத்தில் முதல் துளி.

பேரேட்டில் அவர் பெயர், ஊர், எல்லாம் பேனாவால்.
திரும்பும் நாளுக்கு மட்டும்
காதிலிருந்து பென்சிலை எடுக்கிறாள்.