திருவாரூர் ராக்காட்சி

மேடையில் அவன் வாய்க்காலிலிருந்து எழுவான்.
வாய்க்கால் என்றால் இரண்டு நீலச் சேலை,
ஆளுக்கொரு முனை பிடித்து ஆட்டுவது.
இடுப்புக் கயிறு நன்றாகவே தெரியும்.
கயிற்றைப் பார்த்து மன்னார்குடி சிரிக்கும்,
சிரித்து முடிக்குமுன் நோட்டைப் பிரித்து
முதல் வட்டியை மோகனத்தில் பாடுவான்.
சிரித்த வாய் மூடவில்லை,
அந்த வழியாகத்தான் பயம் உள்ளே போகும்.

தவணை வாங்கப் போய் மூழ்கியவன்.
செத்தும் தவணையை விடாதவன்.
ஒன்பது பாட்டு, ஒன்பது பிணம்.
எழுதியது நான்.

படமாக்கலாம் என்றான் கூத்தாநல்லூர் நூர்தீன்.
"கயிறு வேண்டாம்ணே, கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்."
அழித்தான்.
ஆள் அந்தரத்தில் நின்றான், சும்மா,
யாரும் சிரிக்காத உயரத்தில்.

நிஜ வாய்க்காலில் எடுத்தோம். மேட்டூர் திறக்காத மாதம்.
தண்ணீரில் செத்தவன் புழுதியிலிருந்து எழுந்தான்.
"இதுல எப்படிய்யா மூழ்குனான்?"
ஆடு ஓட்டிப் போனவர் கேட்டார்.
அதை அப்படியே வசனத்தில் சேர்த்துக்கொண்டேன்.
மீதியை எடுப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது,
நுரையும் ஆகாயத்தாமரையும் ஒற்றைச் செருப்புமாக.
பல்லவிக்கு மணல், சரணத்துக்கு வெள்ளம்.
பேய்தானே, என்றார் கேமராக்காரர்.

சிரிப்புக்கென்று வரிக்கு வரி
நாலு தட்டு இடம் விட்டிருந்தேன்.
படத்தில் அது பல் விழுந்த ஈறு.
வெட்டினோம்.
பாட்டு ஓடியது
காலிப் பஸ் மாதிரி, வெகு வேகமாய்.

பேயாக நடித்த வைரக்கண்ணு
பகலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.
குளோசப்பில்தான் அவர் கண்ணைப் பார்த்தேன்.
பிரீமியம் கட்டாதவர் வாசலில்
செருப்பைக் கழற்றாமல் நிற்கும் கண்.
பதினேழு வருஷ மேடையில் அது தெரிந்ததில்லை.
அதை மட்டும் வெட்டவில்லை.

முடிவுதான் சிக்கல்.
மேடையில் ஒன்பதாவது ஆளும் செத்த பிறகு
திரை மறுபடி விலகும்.
பிணங்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து
பேயின் கையைப் பிடித்தபடி வரிசையாய்க் கும்பிடும்.
பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகும்.
படத்தில் இருட்டு. பிறகு பெயர்கள்.

கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினோம்.
விளக்கு எரிந்தது. ஒருவரும் எழவில்லை.
மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்த ஒருத்தி
மெதுவாகக் கேட்டாள்: "அந்த நர்ஸம்மா என்ன ஆச்சு?"
அந்த நர்ஸம்மா, ஆரோக்கியசெல்வி,
டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு
மூன்றாவது வரிசையில் இருந்தாள்.
எழுந்தாள். பழக்கம்; கை தானாகக் குவிந்தது.
பின்வரிசையில் வைரக்கண்ணு எழுந்தார்.
யாரோ சிரித்தார்கள்.
அப்புறம் மண்டபமே, தாமதமாக,
நான் வெட்டிய அத்தனை இடத்துக்கும் சேர்த்து.

நீடாமங்கலம் போனார்கள். வலங்கைமான் போனார்கள்.
டூட்டியை மாற்றிக்கொண்டு, டீசலுக்குப் பங்கு போட்டு,
படம் முடிந்ததும் திரைக்கு முன்னால் நின்றார்கள்.

திருவாரூர் ராக்காட்சிக்கு
கடைசிப் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டோம்.
அங்கே செத்தவர்கள்
செத்தபடியே இருந்தார்கள்.