படிவத்தில் இல்லாத கட்டம்

உற்பத்தி, விற்பனை, சேவை.
மூன்றே மூன்று கட்டம் போட்ட படிவமும்
ரசீது அடிக்கிற மெஷினும் கொடுத்து
கத்திரி வெயிலில் என்னை
லாங்கு பஜாருக்கு அனுப்பிவிட்டது மாநகராட்சி.

முதல் கடையிலேயே பேனா நின்றது.
லாரி டயரை அறுத்துச் செருப்படி ஆக்குகிறார் எத்திராஜ்.
வார், யாரோ தொப்பை வளர்த்துக் கைவிட்ட பெல்ட்.
பக்கிள், பள்ளிக்கூடப் பையினுடையது.
"செய்றீங்களா, விக்கிறீங்களா?"
"பெங்களூர் ரோட்ல ஓடினு இருந்துச்சி மேடம்,
இப்ப நடந்துனு போவுது.
இதுல நான் இன்னா செஞ்சேன்னு சொல்றது?"

அடுத்தது கஜேந்திரன், மிக்ஸி மோட்டார்.
எரிந்த செம்பின் நெடி கடைக்கு வெளியிலேயே
ஆளை நிறுத்திப் பெயர் கேட்கிறது.
வாய் திறக்கப் போனேன். ஒரு விரல் தூக்கினார்.
முந்நூற்று எட்டு, முந்நூற்று ஒன்பது.
சுற்று ஒன்று தப்பினால்
கொசப்பேட்டையில் ஒரு வீட்டில் நாளைக்குச் சட்னி இல்லை.
நானூறு வரைக்கும்
அரசாங்கம் நின்றுகொண்டிருந்தது,
வியர்வையைத் துடைத்தபடி.

தேசம்மாள் தைப்பது துணியில்லை,
மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை.
சூட்டுக்கோலால் ஓட்டை, கம்பியால் தையல்,
விரிசலின் இரு கரையும் பல்லைக் கடித்துக்கொள்ளும்.
"சி.எம்.சி.ல போடுவாங்களே, அதே தையல்தான்.
ஆனா இங்க டோக்கன் கிடையாது,
வெறும் வயித்தோட வரச் சொல்ல மாட்டேன்."
ஏழு தையல் போட்டதைத் தள்ளி வைத்து
"குந்து" என்றாள்.
என் எழுபத்தெட்டுக் கிலோவை நாற்காலி
முனகாமல் வாங்கிக்கொண்டது.
அந்த ஐந்து நிமிடத்துக்கு
எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை நான்.

பசித்தது. மூன்றாம் சந்து முனையில் மசால் வடை.
தின்று முடித்து, எண்ணெய் ஊறிய தாளைப் பார்த்தால்
எங்கள் ஆபீஸ் முத்திரை.
போன முறை இதே தெருவில் எடுத்த கணக்கு.
பழைய பேப்பர் தசரதனிடம் கிலோ விலைக்குப் போய்,
அங்கிருந்து வடைக் கடைக்குப் பதவி உயர்ந்திருக்கிறது.
எத்திராஜ் பெயருக்கு எதிரே
எனக்கு முன்பிருந்தவர் மூன்று கட்டத்திலும் டிக் போட்டு
மூன்றையும் அடித்துவிட்டிருந்தார்.
பாவம் மனுஷன்,
அவரும் இந்த வெயிலில்தான் வந்திருப்பார்.

இரண்டு மணிக்கு மெஷின் உயிரை விட்டது.
தட்டினேன். ஊதினேன். மனசுக்குள் திட்டினேன்.
செல்போன் கடையிலிருந்து நஸ்ரின் கை நீட்டினாள்.
பின்பக்கம் ஒரு சிவப்பு வில்லை:
திறந்தால் உத்தரவாதம் ரத்து.
"ஆபீஸுக்கு அனுப்பினா எத்தனை நாள் ஆகும்க்கா?"
"போன தடவை நாற்பது."
அவள் சிரிக்கவில்லை.
பிளேடு நுனியால் வில்லையை முழுசாகத் தூக்கி,
புருவத்துக்கு ஒட்டும் பொட்டு மாதிரி
கண்ணாடி ஓரமாய் ஒட்டி வைத்தாள்.
உள்ளே பஜார்ப் புழுதி, ஒரு பல்லிமுட்டை ஓடு,
விட்டுப்போன ஒரே ஒரு இணைப்பு.
ஈயப் புகை ஒரு நூலளவு எழுந்தது.
கீச்சென்று கத்திக்கொண்டு
தாளைத் துப்பியது மெஷின்.

முதல் ரசீது அவள் கடைக்கே அடித்தேன்,
நிலுவை முந்நூற்றைம்பது.
எண்ணிக் கொடுத்துவிட்டு
"என் கூலி முப்பது" என்றாள்.
என் பணத்திலிருந்துதான் கொடுத்தேன்.
அரசுப் பொருளை அரசுக்குத் தெரியாமல் பிழைக்கவைத்த செலவை
எந்தத் தலைப்பில் எழுதுவது?

வில்லை இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது,
கொஞ்சம் சாய்வாக.
"க்கா, நில்லுங்க, ஒரு ஸ்க்ரூ மிச்சம்."
"ஐயோ, எங்கே போட வேண்டியது?"
"தெரியல. அது இல்லாமலே ஓடுது இல்ல?
வெச்சிருங்க, வேற எதுக்காச்சும் ஆவும்."

கோட்டை வரைக்கும் நடந்தேன்.
பையில் நிரப்பாத படிவங்கள்.
அடியில் எங்கோ அந்தத் திருகாணி,
ஒவ்வோர் அடிக்கும் சில்லறையோடு பேசிக்கொண்டு.