இருபது கிலோவுக்குக் கீழே

கப்பல் உடைத்த கழிவுச் சரக்கோடு வந்த கடிகாரம்.
பித்தளை வட்டம், விளிம்பில் உப்புப் பச்சை,
ஒரு திருகு இல்லை.
எடைமேடையில் வைத்துப் பார்த்தேன்.
திரை சுழியம் காட்டியது.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்கு எதுவுமே இல்லை.
நான் ஏறி நின்றால் அறுபது.
சோற்றுத் தூக்கோடு நின்றாலும் அறுபதுதான்.

"வெச்சுக்கம்மா, ராத்திரி தூங்காம இருப்ப" என்றார் நாயுடு.
ஆரம்பாக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி.
எட்டு மணியிலிருந்து ஆறு மணிவரை
இறால் வண்டி, ஜல்லி வண்டி, சவுக்குக் கட்டை.

முகப்பில் நாலு கீற்று வண்ணம்.
பன்னிரண்டிலும் ஆறிலும் பச்சை,
மூன்றிலும் ஒன்பதிலும் சிவப்பு,
ஒவ்வொன்றும் மூன்றே நிமிட அகலம்.
எந்தப் பிள்ளையோ கிறுக்கியதென்று
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.
போகவில்லை.

பென்சலய்யாதான் சொன்னார்.
நெல்லூருக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவர்,
முன்னே கப்பலில் எடுபிடி.
ரேடியோ அறைக்கு டீ கொண்டு போவாராம்.
"முள்ளு சிவப்புல இருந்தா வாசல்லயே நிக்கணும்மா.
கப் சத்தம்கூடக் கூடாது.
உலகத்துல இருக்கிற கப்பல் பூரா
அந்த மூணு நிமிஷம் வாய மூடிக்கும்.
எங்கயாச்சும் ஒருத்தன் மூழ்கிட்டிருப்பான்,
பேட்டரி செத்துட்டிருக்கும்,
அவன் தட்டறது சன்னமா வரும்.
அது கேக்கணும்ல?"
டீயில் ஆடை படிந்துவிடுமாம்.
அதிகாரி அதை விரலால் எடுத்து
சாசரில் ஒட்டிவிட்டு நோட்டில் எழுதுவாராம்:
கேட்டேன். ஒன்றுமில்லை.
"பச்சை எதுக்கு?"
"அது பேச்சுக்கு. சிவப்பு தந்திக்கு.
இப்ப ரெண்டும் லேது. எல்லாம் சாட்டிலைட்."

எடைப் புத்தகத்தின் ஓரத்தில்
நானும் எழுத ஆரம்பித்தேன்.
11.15. கேட்டேன். ஒன்றுமில்லை.
11.45. நாய்.
12.15. தூங்கிவிட்டேன்.
கடிகாரம் நாளைக்கு நாலு நிமிடம் பின்தங்குகிறது.
கடல் எப்போதோ கைவிட்ட மௌனம்,
அதையும் நேரம் தப்பிக் கடைப்பிடிக்கிறேன்.
இருந்தாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் சாவி கொடுக்கிறேன்.

"மூணு நிமிஷம், எஞ்சினை அணைங்க" என்றால்
வரிசையிலிருந்து தெலுங்கில் ஒன்று விழும்,
தமிழில் ஒன்று விழும்.
இரண்டும் என் அம்மாவைப் பற்றியவை.

தை மாதம் ஒரு ராத்திரி, 2.45.
ஓங்கோல் கிரானைட் வண்டிக்காரன்
என்ன நினைத்தானோ, சிரித்துக்கொண்டே
சாவியைத் திருப்பினான்.
அவனுக்குப் பின்னால் நின்றவனும்.
அவனுக்கும் பின்னால் நின்றவனும்.
முதலில் சவுக்குத் தோப்பு வந்தது,
அதற்குப் பின்னால், நம்ப முடியாமல், கடல்.
அப்புறம் ஒரு ஸ்ஸ்.
பாம்பு என்று குதித்தான் கிளீனர் பையன்.
பாம்பில்லை.
பின் அச்சு, இடப்புறம், உள் டயர்.
டார்ச் அடித்து எச்சில் தொட்டு வைத்தான்,
குமிழி விட்டது.
முப்பத்தெட்டு டன்னுக்கு அடியில் ஓர் ஆணித்துளை.
டிரைவர் ஒன்றும் பேசவில்லை. ஜாக்கியை இறக்கினான்.
நான் எழுதினேன்:
கேட்டேன். காற்று.

சோதனைச்சாவடி தாண்டினால் தடா.
அங்கே என் தங்கை இந்திரவல்லி.
அப்பா வீட்டைப் பிரித்த வகையில்
ஒன்பது வருடமாய்ப் பேச்சில்லை.
அதையும் மௌனம் என்றுதான் நினைத்திருந்தேன்.
இரண்டு பக்கமும்
எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

3.15. வண்டி எதுவும் இல்லை.
ஜெனரேட்டரை அணைத்தேன்.
விளக்கு போனது, திரையின் எண்கள் போயின.
கடிகாரம் மட்டும் தன்பாட்டில் நடந்தது.
போனைக் கையில் பிடித்தபடி
சிவப்பு முடியும்வரை நின்றேன்
வாசலிலேயே,
டீ கொண்டு வந்தவள் மாதிரி.