ட்ரையல்

கதவு உள்பக்கமாகத் திறக்கும்.
அதுதான் முதல் சிக்கல்.
முத்தியால்பேட்டையில் மூன்றாம் மாடி,
பத்துக்கு ஒன்பது.
ஒரு கட்டில், செலஸ்தினின் தையல் மெஷின்,
சிலிண்டர், அப்புறம் நாங்கள்.

தில்லைநாயகம் இரண்டு டர்ன்டேபிள் விற்கிறான்,
நடுவில் வைக்கிற மிக்சரோடு.
கோட்டக்குப்பம் தாண்டி ஒரு கடற்கரைக் குடிலில்
ஆறு வருஷம் சுற்றியவை.
அடிமாட்டு விலை. அம்மிக்கல் கனம்.
"ஞாயிறு வரைக்கும் வேற ஆளுக்குக் காட்ட மாட்டேன்,
யோசிச்சுச் சொல்லு அமலா."

செலஸ்தின் யோசிக்கவில்லை.
பிரவுன் பேப்பரை விரித்தான்.
சட்டைக்கு முதுகு வெட்டுவதுபோல
இரண்டு டர்ன்டேபிளையும் வெட்டினான், மிக்சரை வெட்டினான்.
வயர் வளைய வேண்டுமே என்று
பின்னால் நாலு விரற்கடை,
தையலுக்கு விடுவதுபோல, கூடுதலாக விட்டான்.
மூன்று துண்டையும் தரையில் பரப்பி
அறைக்கு ட்ரையல் பார்த்தோம்.

நாற்பத்தாறு அங்குலம்.
"பிடிக்குது" என்றான்.
"மூச்சு மட்டும் விடக் கூடாது."

கீறுகிறவர்கள் நெட்டுக்குத்தாகத் திருப்பித்தான் வைப்பார்கள்,
கை போய் ஊசியில் இடிக்காமல் இருக்க.
திருப்பினோம். எட்டு அங்குலம் மிச்சம்.
கதவு பாதி திறந்தது.
பாதிக் கதவில் நான் நுழைந்துவிடுவேன்.
சிலிண்டர் நுழையாது.

அடுத்து கன்ட்ரோலர்.
நைட் டூட்டி முடிந்து தூங்காமல்
நேரு வீதிக் கடையில் தொட்டுப் பார்த்தேன்.
முதுகுப்பையில் அடங்கும்.
ஆனால் சக்கரம் தானாகச் சுழலாது.
கை வைத்தால் நகரும், எடுத்தால் நிற்கும்.
எதிர்த்து ஓடாத ஒன்றை எப்படிப் பிடித்து இழுப்பது?
அதற்கு லேப்டாப்பும் வேண்டும்.
என்னிடம் இருப்பது ஓட்டல் ரிசப்ஷனுடையது.

கடைசியில் சின்னது.
ஏழு அங்குல ரெக்கார்டுக்கானது,
டிபன் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு.
உள்ளேயே பேட்டரி,
புயலில் கரண்ட் போனாலும் சுற்றும்.
ஃபேடரும் அதிலேயே, வலப்பக்கம்.

நான் இடக்கைக்காரி.

"பழகிடும்மா" என்றார் கடைக்காரர்.
ஒன்றாம் வகுப்பில் மதர் பெர்னதெத் சொன்ன அதே வார்த்தை.
இருபத்தெட்டு வருஷமாகப் பழகவில்லை.
ஃபேடர் இல்லாத மாடலை எடுத்தேன்,
சோப்புப் பெட்டி அளவில் தனி ஃபேடர் ஒன்றும்.
சீட்டுப் பணத்தில் நானூறு ரூபாய் மீந்தது.

மெஷின் பலகையின் ஓரத்தில் இடம் கிடைத்தது.
அவன் மிதித்தால் என் ஊசி துள்ளியது.
நான் கீறினால் அவன் தையல் கோணியது.
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.
மூன்றாம் நாள்
பிளேசருக்கு வைக்கிற தோள்பட்டைப் பஞ்சு நாலு எடுத்து
நாலு காலுக்கும் அடியில் செருகினான்.
கோட்டு லைனிங்கை வட்டமாக வெட்டி
ரெக்கார்டுக்கு அடியில் போட்டான், கை வழுக்க.
துள்ளல் பாதி குறைந்திருக்கிறது.
மீதிக்கு வழி தேடுகிறோம்.

கீழ்வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம்.
அதனால் ஹெட்போன்.
டூட்டி இல்லாத இரவுகளில் நான் கீறும்போது
அவனுக்குக் கேட்பது ஃபேடர் மட்டும்.
"யாரோ அவசரமா பட்டன் கழட்டுற மாதிரி இருக்கு."

ஒரு பக்கத்தை அவன் காதில் வைத்தேன்.
வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமல்
நின்றபடியே கேட்டான்.
"கிழியுது" என்றான்.
அவன் தொழிலில் அது கெட்ட வார்த்தை.
இன்னொரு தடவை வை என்றான்.

பெரிய பேப்பர் துண்டுகளை அவன் தூக்கிப் போடவில்லை.
வாடிக்கையாளர் அளவுகளோடு ஆணியில் தொங்குகின்றன.
மேலே பென்சிலில்:
அமலா. வேற வீட்டுக்கு.

தில்லைநாயகம் திங்கட்கிழமையே விற்றுவிட்டான்.